கூரில்லாக் கத்தியும் வாயில்லா ஜீவனும்

உங்கள் இல்லத்து அடுக்களையில் எத்தனை கத்திகள் உள்ளன என்பதை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? காய்கறி நறுக்க ஒன்று, மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, ரொட்டியை அரிவதற்கென்று ரம்பம்போல் பல் வைத்தது ஒன்று. இவை போக, மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட பழைய அரிவாள்மணை. இத்தனையும் இருந்தும், அவற்றுள் கூரானது எது என்று கேட்டால் வீட்டுப் பெண்மணிகள் சிரிக்கின்றார்கள். தக்காளியின் தோலில் வழுக்கி விரலைப் பதம் பார்க்கும் கத்திகளே பெரும்பாலான வீடுகளில் புழங்கி வருகின்றன. தக்காளியைப் பொறுத்தவரை அது பெருங்குறையன்று. துல்ஹஜ் பிறை 10-இல், பெருநாள் தொழுகை முடிந்து, அதே கத்தியை ஓர் உயிரின் கழுத்தருகே கொண்டு செல்லும்பொழுதுதான் காரியம் பாரதூரமாகிவிடுகின்றது.

வடபழனியில், ஆற்காடு சாலையிலிருந்து பிரிந்து செல்லும் தெருவொன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாளன்று நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். மஹல்லாவினர் குர்பானிக்கென ஒழுங்கு செய்திருந்த இடத்தில் மக்கள் கூடியிருந்தனர். கணினித் துறையில் பணியாற்றும் இளைஞர் ஒருவர், தம் குர்பானியைத் தம் கரத்தாலேயே அறுக்க வேண்டும் என்னும் ஆவலுடன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆவல் மிக நல்லதே. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் 100 ஒட்டகங்களைப் பலியிட்டதில், 63 ஒட்டகங்களைத் தம் திருக்கரத்தாலேயே அறுத்தார்கள் என்றும், எஞ்சியவற்றை அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்றும் நாம் படித்திருக்கின்றோம்.

அவ்விளைஞர் செய்தித்தாளில் சுற்றிய இரு கத்திகளை என்னிடம் நீட்டினார். ஒன்று நேரான அலகுடையது. மற்றொன்று பல் வைத்தது. "கத்தி புதிது ஹஜ்ரத். நேற்றிரவு நானே தீட்டினேன்" என்று கூறி, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு சாணைக் கருவியையும் பெருமையுடன் எடுத்துக் காட்டினார். நேர்க்கத்தியின் விளிம்பை என் கட்டைவிரல் நகத்தின்மீது மெல்ல ஓட்டிப் பார்த்தேன். மூன்று இடங்களில் நகத்தைக் கௌவிக்கொண்டது. பல் கத்தியின் நிலை அதனினும் பரிதாபம். அதையும் அதே கருவியின் அதே பிளவில் அவர் பலமுறை இழுத்திருந்தபடியால், பற்களின் நுனிகளெல்லாம் சீவப்பட்டு மொட்டையாகியிருந்தன.

நான் தலையசைத்ததைக் கண்டதும், "இதோ ஒரே நிமிடம்" என்று அவர் அங்கேயே, ஆட்டின் பக்கத்திலேயே குந்தியமர்ந்து கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டார். கரகரவென்ற ஓசை கேட்டு ஆடு தலையை நிமிர்த்திப் பார்த்தது. நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் நிறுத்தினேன் என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியிலிருந்து அறிந்துகொள்ளலாம். ஒருவர் ஆட்டைக் கிடத்திவைத்துக்கொண்டு, அது பார்த்துக் கொண்டிருக்கும்பொழுதே தம் கத்தியைத் தீட்டினார். அதனைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அப்பிராணியை ஒரு முறைக்கு மேல் சாகடிக்க விரும்புகின்றாரா என்று அவரைக் கடிந்து, கிடத்துவதற்கு முன்பே தீட்டியிருக்கக்கூடாதா என்னும் கருத்துப்படக் கேட்டார்கள். கத்திகளைக் கூராக்கி வைக்குமாறும், அவற்றைப் பிராணிகளின் கண்ணில் படாமல் மறைக்குமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மூலம்போல் விளங்குவது ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலில் பதிவு செய்துள்ள நபிமொழியாகும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் அது 17-ஆவதாக இடம்பெற்றுள்ளமையால், மதரஸாவில் ஓதிய சிறுவருக்கும் அது மனப்பாடமாயிருக்கும். எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை, அதாவது செவ்வையாகச் செய்வதை, அல்லாஹ் விதித்துள்ளான் என்று தொடங்கும் அந்நபிமொழி, அடுத்து எதற்கு உதாரணம் காட்டுகின்றது என்று சற்றே சிந்தியுங்கள். தொழுகைக்கு அன்று, தர்மத்துக்கும் அன்று. அறுப்பதற்கே உதாரணம் காட்டுகின்றது. அறுப்பவர் தம் அலகைக் கூராக்கிக் கொள்ளட்டும், பிராணிக்கு வேதனையைக் குறைக்கட்டும் என்பதே அதன் முடிவுக் கருத்து. இஹ்ஸானைப் பற்றி மணிக்கணக்கில் சொற்பொழிவாற்றும் எம்போன்றோர், சாணைக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறுவதில்லை என்பது எங்கள் தரப்பிலுள்ள குறை.

இல்லத்தரசிகளும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குர்பானிக்கென்று கால்களும் வயிறும் கண்களைச் சுற்றிய பகுதியும் கறுத்த, கொம்புள்ள செம்மறிக் கடா ஒன்று கொண்டுவரப்பட்டபோது, கத்தியை எடுத்துவரும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமே நபிகளார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதனை ஒரு கல்லில் தீட்டும்படியும் பணித்தார்கள். அன்னையார் அவ்வாறே தீட்டிக் கொடுத்தபின்னரே கடாவைப் பிடித்துக் கிடத்தி அறுத்தார்கள். முதலில் கத்தி, பிறகு கடா. இவ்வரிசையை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். கத்தி தீட்டுவது ஆடவர் வேலை என்று நம் வீடுகளில் ஒதுக்கிவைப்பவர்கள் இதனை நினைவில் இருத்துவார்களாக.

இனி, சட்டத்தின் பக்கம் வருவோம். பற்களையும் நகத்தையும் தவிர, இரத்தத்தை ஓடச் செய்யும் எந்தக் கூரிய பொருளாலும் அறுக்கலாம் என்பது ராஃபிஃ பின் கதீஜ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து பெறப்படுகின்றது. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பெண்ணொருத்தி, சாகும் நிலையிலிருந்த ஆடொன்றைக் கல்லொன்றை உடைத்து அக்கூரிய சில்லால் அறுத்தாள். அதனை உண்ணலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆகவே கத்தி விலையுயர்ந்ததா, எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதெல்லாம் பொருட்டன்று. கூர் ஒன்றே பொருட்டு.

அந்தக் கூர் இல்லாவிடில் என்ன நேரும்? ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இதற்கு இரு நிபந்தனைகளைக் கூறுகின்றன. மழுங்கிய கத்தியால் அறுத்தால் இறைச்சி ஹலாலாவதற்கு, அறுப்பவரின் கைப்பலமின்றிக் கத்தியே அறுத்திருக்க வேண்டும். அன்றியும், மூச்சுக்குழலும் உணவுக்குழலும், பிராணி இறக்கும் தறுவாயை அடையுமுன் அறுபட்டிருக்க வேண்டும். கனத்தாலும் அழுத்தத்தாலும் நசுங்கியது அறுப்பாகாது. ஹனஃபீ மத்ஹபில் அவ்விரு குழல்கள், இரு கழுத்து நரம்புகள் ஆகிய நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. பிராணியைக் கிடத்திய பிறகு கத்தி தீட்டுவது மக்ரூஹ் என்று ஹிதாயாவிலும் எழுதப்பட்டுள்ளது.

இந்நிபந்தனைகளை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். மாணவப் பருவத்தில், எங்கள் ஊரில் கணவரை இழந்த ஒரு தாயார் தம் கையால் வளர்த்த ஒரே கிடாயைக் குர்பானி கொடுக்க எண்ணி, உஸ்தாதிடம் சொல்லியனுப்பினார். உஸ்தாது அவர்கள் என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்பொழுது இருபது வயது. அந்தத் தாயார் தந்த கத்தியைச் சோதிக்காமலே வாங்கினேன். பிஸ்மி சொல்லி இழுத்தேன்; உரோமமும் தோலும் மட்டுமே பிளந்தன. மீண்டும் இழுத்தேன். பயத்தினால் அழுத்தினேன். எத்தனை முறை என்பதை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே சென்றுவிட்டார்.

மதரஸாவுக்குத் திரும்பி நடந்ததைக் கூறினேன். உஸ்தாது அவர்கள் கோபிக்கவில்லை. "அறுத்தது கத்தியா, உன் கையா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாததனாலேயே அவ்விறைச்சியைப் பங்கிட வேண்டாம் என்று கூறி, புதைக்கச் செய்தார்கள். மறுநாள், அய்யாமுத் தஷ்ரீக்கின் முதல் நாள், தம் சொந்தப் பணத்தில் வேறோர் ஆடு வாங்கி அத்தாயாரின் பெயரால் குர்பானி கொடுக்கச் செய்தார்கள். அதற்குமுன், அன்றிரவு இஷாவுக்குப் பிறகு, ஒரு கல்லையும் அதே கத்தியையும் என் முன் வைத்துத் தீட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கிதாபுகளில் நான் பெற்ற பாடங்களுள் பாதி மறந்துவிட்டது. அந்தப் பாடம் மறக்கவில்லை.

இப்போது அந்தச் சிறு கருவிக்கு வருவோம். உள்ளங்கையில் அடங்கும் அதில் பெரும்பாலும் இரு பிளவுகள் இருக்கும். ஒன்றில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பொருளாலான இரு சில்லுகள் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும். மற்றதில் பீங்கான் கோல்கள் இரண்டு அதே போன்ற கோணத்தில் நிற்கும். சிலவற்றில் பேனாக் கத்தியின் அலகைப்போல் மடங்கி விரியும் மெல்லிய கோல் ஒன்றும் உண்டு. அடியில் பருத்து நுனியில் மெலிந்த அக்கோலின் மேல் வைரத்தூள் பதித்திருப்பார்கள்.

முதற்பிளவு கத்தியைத் தீட்டுவதில்லை, சீவுகின்றது. கேரட் சீவுவதைப்போல் எஃகின் விளிம்பிலிருந்து மெல்லிய சுருள்களை உரித்தெடுக்கின்றது. ஆகையால் அதில் அழுத்தி இழுப்பதும், முன்னும் பின்னுமாக அறுப்பதுபோல் தேய்ப்பதும் கத்தியை அழித்துவிடும். கத்தி மிகவும் மழுங்கியிருந்தால் மட்டும் பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை, கத்தியின் சொந்தக் கனத்தோடு, தம் பக்கமாக மூன்று நான்கு முறை இழுத்தால் போதும். அதன்பின் பீங்கான் பிளவில், இன்னும் இலேசாக, ஏழெட்டு முறை. நுனி வெளிவரும் தறுவாயில் கையை மெதுவாக்க வேண்டும்; இல்லையேல் நுனி தட்டி உடையும். கருவியை மேசையில் ஊன்றிப் பிடிக்கும் கை, அலகின் பாதைக்குப் பின்னால் இருக்க வேண்டும். இறுதியில் கத்தியைக் கழுவித் துடைக்காமல் உணவில் வைத்தல் கூடாது. கண்ணுக்குத் தெரியாத எஃகுத் துகள்கள் அதில் ஒட்டியிருக்கும்.

பல் கத்தியின் சங்கதி வேறு. அதன் பற்கள் பலகையில் முட்டித் தேய்கின்றன. பற்களுக்கிடையே பிறை வடிவிலுள்ள பள்ளங்களோ பலகையில் படாமல் நெடுநாள் கூராயிருக்கின்றன. வெட்டும் வேலையில் பெரும்பங்கு அப்பள்ளங்களுடையது. அதனாலேயே ரொட்டிக் கத்தியை ஆண்டுக்கணக்கில் தீட்டாமல் ஓட்ட முடிகின்றது. அதனை கார்பைடுப் பிளவில் இழுத்தால் பற்கள்தாம் போகும், பள்ளத்திற்கு ஒரு நன்மையும் இல்லை. மடக்குக் கோலை விரித்து, பள்ளத்தின் அகலத்திற்குக் கோலின் எப்பகுதி பொருந்துகின்றதோ அப்பகுதியை அதில் வைத்து, ஒவ்வொரு பள்ளமாக நான்கைந்து முறை இலேசாகத் தேய்க்க வேண்டும். அத்தகைய கத்திகள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். அச்சரிவுப் பக்கத்திலேதான் கோலை வைக்க வேண்டும். மறுபக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டையான அப்பக்கத்தை வழவழப்பான கல்லின்மேல் படுக்க வைத்து ஓரிரு முறை தேய்த்தால் பிசிறு விழுந்துவிடும். பொறுமை வேண்டிய வேலை. அரைமணி நேரம் பிடிக்கும்.

ஆனால் பல் கத்தியை எவ்வளவுதான் தீட்டினாலும் அதனை அறுப்பிற்கு எடுத்துவராதீர்கள். ரொட்டியின் மொறுமொறுப்பான தோலைக் கௌவிப் பிய்ப்பதற்காகவே அதற்குப் பல் வைத்தார்கள். உயிருள்ள கழுத்தில் அது அதே வேலையைத்தான் செய்யும். இரத்தம் ஓடிவிடுகிறதே, ஹலாலாகிவிடுமே என்று சிலர் வாதிடக்கூடும். நபிமொழி நம்மிடம் கேட்பது அவ்வளவு மட்டுமா? யூதர்களின் அறுப்பு முறையில், அறுப்பவர் கத்தியின் விளிம்பு முழுவதையும் நகத்தாலும் விரல் சதையாலும் தடவிச் சோதிப்பார். ஒரு சிறு பள்ளம் தென்பட்டாலும் அக்கத்தியால் அறுத்தது அவர்களுக்கு ஆகாது. நமக்கு அப்படியொரு தனிச் சட்டம் இல்லை என்பதற்காக, நகச் சோதனையை நாம் விட்டுவிடத் தேவையில்லை.

நேர்க்கத்தியைச் சிறு கருவியில் தீட்டி அறுப்பிற்குப் பயன்படுத்தலாமா என்றால், அடுக்களைக்கும் பயணத்திற்கும் அக்கருவி நல்ல துணை என்பேன். அறுக்கும் கத்திக்கு அதனை மட்டும் நம்ப மாட்டேன். கார்பைடு விட்டுச்செல்லும் விளிம்பு காகிதத்தை வெட்டும். ஆனால் அதில் நுண்ணிய ரம்பம்போன்ற சொரசொரப்பு இருக்கும். வடபழனி இளைஞரின் கத்தி என் நகத்தைக் கௌவியது அதனால்தான். அறுக்கும் கத்திக்குக் கல்லே ஏற்றது. கரடான பக்கத்திலும், பின்பு நைசான பக்கத்திலும், தண்ணீர் தெளித்து, முதுகுப்புறத்தைச் சற்றே உயர்த்தி, தொடக்கத்தில் வைத்த கோணம் மாறாமல் இரு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும். இறுதியில் தோல் வாரில் பின்புறமாக நாலு இழுப்பு. முடிதிருத்துபவர்கள் சவரக்கத்தியை அவ்வாறு இழுத்ததை என் வயதினர் கண்டிருப்பீர்கள். கல் அகப்படாத அவசரத்தில், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் தெரியும், அதிலும் தீட்டலாம்.

சாணை என்றதும் நம் நாட்டின் பெருமையொன்று நினைவுக்கு வருகின்றது. வைரத்திற்கு அடுத்தபடியாகக் கடினமான கனிமத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர், நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்தே சென்றது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் அக்கல் கிடைக்கின்றது. அதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்த்தார்கள் நம் முன்னோர். நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் பண்டைக்காலத்திலேயே எஃகு உருக்கியமைக்குச் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இந்திய எஃகின் புகழ் அரபு நாடுகள்வரை பரவியிருந்தது. சிறந்த வாளுக்கு முஹன்னத் என்றே அரபியர் பெயரிட்டனர், ஹிந்திலிருந்து வந்த எஃகினாலானது என்னும் பொருளில். அத்தகைய எஃகும் சாணைக்கல்லும் விளைந்த மண்ணில் பிறந்துவிட்டு, கூரில்லாக் கத்தியோடு பெருநாளை எதிர்கொள்கின்றோம்!

முன்பெல்லாம் சைக்கிளில் சக்கரம் பூட்டிய சாணைக்காரர்கள் வடபழனித் தெருக்களில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் நம் வீடுகளில் அவர்களுக்கு நல்ல வருவாய். ஸ்டூடியோக்களில் அட்டைக் கத்தி போதும், நம் வீடுகளுக்கு மெய்க்கத்தி வேண்டும் என்று ஒரு முதிய சாணைக்காரர் வேடிக்கையாகச் சொல்வார். 2015-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் தலைக்குமேல் ஓடும் வடபழனியில் இன்று அவர்களைக் காண்பது அரிது. கண்டால், விலை பேசாதீர்கள். கண்டபின், சக்கரத்தில் கத்தியை அதிகம் சூடேற்ற வேண்டாமென்று மட்டும் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாரித்தால் எஃகின் உறுதி போய்விட்டது என்று பொருள்.

தீட்டிய கத்தியைக் காகிதத்தில் சோதிப்பது வழக்கம். காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக இழுத்தால், சிக்காமல் சீராக இறங்க வேண்டும். அதற்கு இந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். இதில் அல்லாஹ்வின் திருநாமமும் நாயகத்தின் திருநாமமும் அச்சாகியுள்ளன. விளையாட்டுப் பக்கம் இருக்கின்றது, விளம்பரப் பக்கமும் இருக்கின்றது.

இவையனைத்தையும் அரஃபா நாள் மாலைக்குள், ஆட்டின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்தில் முடித்து, கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிட வேண்டும். பெருநாள் காலையில் கத்தியைத் தேடி வீடு முழுவதும் ஓடுவது, பிள்ளைகள் கையில் அது அகப்படுவது போன்ற விபரீதங்களும் இதனால் நீங்கும்.

அந்த இளைஞரின் கதையை முடிக்கவில்லையே. அன்று அவரை ஆட்டோடு நிழலில் ஒதுங்கியிருக்கச் செய்து, இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் கத்தி இரவல் வாங்கினோம். ஒரே இழுப்பில் காரியம் முடிந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட வெட்கமே மிகுந்திருந்தது. அடுத்த ஆண்டு, அரஃபா நோன்பு திறந்து மஃரிபு தொழுதபின், பள்ளிவாசல் படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார். துணியில் சுற்றிய நீண்ட நேர்க்கத்தி ஒன்றைப் பிரித்து நீட்டினார். நகத்தில் ஓட்டினேன். பிடியின் அருகே ஓரிடத்தில் மட்டும் இலேசாகத் தட்டியது. அவ்விடத்தை விரலால் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் கல்லில் தேய்த்துவிடுகிறேன் ஹஜ்ரத்" என்றார்.

"ஆடு எங்கே?" என்று கேட்டேன்.

"வீட்டுப் பின்புறம் கட்டியிருக்கிறேன். கத்தியை மாடியில் வைத்துத்தான் தீட்டினேன், அதற்குத் தெரியாது."